ஓட்டில்லாதவனிடம் சொன்னது

எழுபதுகளின் தொடக்கத்தில் ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே ஒரு கிராமத்தில் வாடகை அறையில் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அந்த ஊர்த் தபால்காரர் ஒல்லியான, லேசாகக் கூன் விழுந்த மனிதர். கையைக் கால்சட்டையில் துடைத்த பிறகே கடிதத்தை நீட்டுவார்.

வெளியூர்க்காரரான அவர், தன்னையும் ஊரார் தங்களில் ஒருவனாக மதிக்க வேண்டும் என்று ஊராட்சித் தேர்தலில் நின்றார்.

ஒருநாள் என்னிடம், "டாக்டரே, உங்களுக்கு இங்கே ஓட்டில்லை, அதனால் சொல்கிறேன். உலகப்போரில் யாரையும் சுட மனம் வராமல் போர்முனையிலிருந்து ஓடிவந்தவன் நான். ஊருக்குத் தெரிந்தால் தொலைந்தேன்" என்றார்.

வாக்குச்சீட்டுகளை வீடு வீடாகக் கொடுத்ததும் அவரேதான். அங்கே சீட்டு முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடும்; பிடிக்காத பெயரை வீட்டிலேயே அடித்துவிட்டு, தேர்தல் நாளான ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் போடலாம். சாப்பாட்டு மேசையில் சீட்டை விரித்த வீட்டுக்காரர், "தபால்காரர் எப்படி?" என்று கேட்டார்.

"நல்லவர். யாரையும் சுட மனமில்லாமல் போரைவிட்டு ஓடிவந்தவர்" என்றேன்.

"என் தம்பி ஓடவில்லை. அங்கேயே செத்தான்" என்று பென்சிலை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி பரவி, ஊரே அந்தப் பெயரை அடித்திருந்தது.

புகழ்ந்துதானே சொன்னேன் என்று பல வருடம் என்னை ஏமாற்றிக்கொண்டேன். ரகசியம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை அம்மாவின் கடிதம் வந்தது. வழக்கம்போல் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். என் ஒருவனிடம் மட்டுமே சொல்லியிருந்தவர், யார் சொன்னது என்று கேட்கவே இல்லை.