டாக்டரம்மா நடக்கும் வழி

தக்காளித் தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, துணி மாட்டும் கிளிப்பில் செருகி, தண்ணீர் நிரம்பிய கண்ணாடி டம்ளருக்குள் தொங்கவிடுகிறாள். தண்ணீர் அசையக் கூடாது. மூச்சைக்கூட மெல்ல விடுகிறாள். வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூல் ஒன்று இறங்குகிறது, ஊதுவத்திப் புகை தலைகீழாகப் போவது போல. நூல் இறங்கினால் வாடல் நோய். மருந்து கிடையாது.

"நீயும் போயிட்டியா," என்கிறாள் பிடுங்கிய செடியிடம்.

பக்கத்து வயல்காரர்களுக்கு அவள் டாக்டரம்மா. "டாக்டரம்மா, டோக்கன் இருக்கா?" என்பார்கள் வரப்பிலிருந்து.

"உனக்கு நேரா ஊசிதான்," என்பாள் நிமிராமல்.

முந்தின நாள் நிமிர்ந்து நின்ற செடி காலையில் பச்சை மாறாமலே தலை தொங்கியிருக்கும். இலையில் புள்ளி இல்லை, புழு இல்லை. காய்கள் மட்டும் எதுவும் தெரியாதவை போல மினுங்கும். அவளுக்குப் பிடிபடாதது ஒன்றுதான். தண்ணீர் மேலிருந்து கீழே பாய்கிறது. நோய் கீழ்ப்பாத்தியிலிருந்து மேலே ஏறி வருகிறது.

விடிந்ததும் வெறுங்காலோடு வயலில் இறங்குவாள். முதலில் கீழ்ப்பாத்தி. "சீக்கு வந்த பிள்ளையத்தானே முதல்ல பாக்கணும்?" செத்த செடிகளுக்கு நடுவே நின்று பாதத்தால் மண்ணை அழுத்திப் பார்ப்பாள். செருப்புப் போடச் சொன்னால், "அப்புறம் ஈரம் எப்படித் தெரியும்?" என்பாள். பம்புசெட்டில் ஒதுங்கி ஒரு வாய் தண்ணீர். பிறகு நடுவயல். கடைசியில் வீட்டுப் பின்சுவரை ஒட்டிய மேல்பாத்தி. அங்கே இன்னும் ஒரு செடிகூட வாடவில்லை.

"அதுவும் போச்சுன்னா நிலத்தைக் குடுத்துட்டு நான் மில்லு வேலைக்குப் போயிடுறேன்," என்று கணவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அவள் மறுநாளிலிருந்து மாலையிலும் ஒரு சுற்று வந்தாள்.

இப்போதெல்லாம் நடக்கும்போது சட்டென்று திரும்பிப் பார்க்கிறாள். யாரோ கூடவே வருவது போல் இருக்கிறது. செடிகள்தான் நிற்கின்றன, காற்றில்லாமல். அவள் திரும்பிப் பார்த்த இடத்தில் சில நாள் கழித்து ஒன்று தலை தொங்கும்.

இன்று காலை மேல்பாத்தியில் காலெடுத்து வைக்கும் நேரம், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நாத்தனார் கூப்பிட்டாள்.

"அண்ணி, அங்கயே நில்லுங்க."

"ஏன், பாம்பா?"

"பாம்பு மாதிரிதான். செத்த செடியெல்லாம் இங்கேருந்து பாத்தா ஒரே கோடா தெரியுது. கீழேருந்து வருது, பம்புசெட்டுகிட்ட ஒதுங்குது, மறுபடி ஏறுது."

"தண்ணி குடிக்கவா ஒதுங்குது?" சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. "எங்க வந்து முடியுது?"

நாத்தனார் ஈரத்துணியைக் கொடியில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "உங்க காலுகிட்ட."

குனிந்து பார்த்தாள். மேல்பாத்தி செம்மண். அவள் விரலிடுக்குகளில் கீழ்ப்பாத்தியின் கரிய சேறு, இன்னும் ஈரமாக.

பின்னால் கையை நீட்டித் தடவி, வரப்புக் கல்லில் உட்கார்ந்தாள். இரண்டு கால்களையும் மண்ணிலிருந்து தூக்கி, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, கீழே இறக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.