தானா கிளம்பிய வண்டி

1931 பிப்ரவரி 9: அபராதம் 1 வெள்ளி (டாலர்)
1931 ஏப்ரல் 21: அபராதம் 1 வெள்ளி
1931 ஜூலை 6: அபராதம் 2 வெள்ளி
1931 அக்டோபர் 13: அபராதம் 5 வெள்ளி, வேலைநீக்கம்

இவை நான்கும் மலாயாவின் கிள்ளான் ஊரில் ஒரு ரப்பர் கிடங்கில் பேட்டரி வண்டி ஓட்டிய லியனார்ட் பெயரில் எழுதப்பட்டவை. நான்கு முறையும் ஒரே குற்றம்: கவனக்குறைவு. அது பொய். பொய்யென்று நிரூபித்தவர் பேட்டரி அறையில் வேலை பார்த்த வேலாயுதம். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வேலாயுதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரர். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. அமிலம் தின்று ஓட்டை விழாத சட்டை அவரிடம் ஒன்றும் இல்லை. எந்த செல்லில் எத்தனை வோல்ட் என்று கேட்டால் பார்க்காமலே சொல்வார்.

அந்த வண்டிகளில் இருபது செல், நாற்பது வோல்ட். ஓட்டுகிற கைப்பிடி முன்னால். அதற்குப் பூஜ்யமும் நான்கு படிகளும் உண்டு. மெயின் சுவிட்சோ பின்னால். அங்கிருந்து பார்த்தால் கைப்பிடி தெரியாது. வண்டியைக் கழுவுகிறவர் கைப்பிடியை நாலாம் படிக்குத் தள்ளிவிட்டுப் போயிருந்தால், காலையில் சுவிட்சை மூடி இணைப்புக் கொடுத்ததும் முழுக் கரண்டும் மோட்டாரில் பாயும். வண்டி குதிக்கும். நான்கு முறையும் நடந்தது இதுதான்; அக்டோபர் 13 அன்று குதித்ததில், மூட்டை அடுக்கிய ஒருவரின் கால் முறிந்தது.

விசாரணையில் லியனார்ட் சொன்னது: "நான் ஏறவே இல்லீங்க. வண்டி தானா எடுத்துருச்சு." ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ஆங்கிலத்தில் எழுதியது: தானே வண்டியை எடுத்தான். லியனார்ட் கீழே ரேகை வைத்தார்.

விஷயம் தெரிந்ததும் வேலாயுதம் கிராணி மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"என்னா கிராணியாரே, உங்க வீட்டு மாங்கா தானா விழுந்தா, வேணும்னே குதிச்சிச்சின்னு எழுதுவீங்களா?"

"எழுதினது எழுதினதுதான்லா. பேப்பர் மேல போயிருச்சு."

"சரி, வண்டியையே பேச வைக்கிறேன்."

கைப்பிடியிலிருந்து சுவிட்ச் வரை ஓர் இரும்புக் கம்பி பொருத்தினார். கைப்பிடி பூஜ்யத்தில் இருந்தால் மட்டுமே கம்பியின் நுனி விலகும், சுவிட்ச் மூடும். கம்பி தேய்ந்து ஏமாற்றினால்? அதற்கும் வழி செய்தார். சுவிட்சின் முதல் நிலையில் கரண்ட், அதைக் குறைக்கும் ஒரு கம்பிச் சுருள் வழியாகத்தான் போகும்; வண்டி தவழுமே தவிரக் குதிக்காது. இரண்டாம் நிலைக்குத் தள்ளினால்தான் முழுக் கரண்ட்.

1932 ஜனவரி 18 அன்று மேனேஜர் முன்னால் சோதனை. பழைய வண்டியில் கைப்பிடியை நாலாம் படியில் வைத்து, தள்ளி நின்று மூங்கில் கழியால் சுவிட்சை மூடினார். ஆளில்லாத வண்டி பாய்ந்து மூட்டைகளில் மோதியது. புது ஏற்பாடு செய்த வண்டியில் சுவிட்ச் மூடவே இல்லை. ஆறு வண்டிக்கும் இதைப் போடச் சொன்னார் மேனேஜர்.

"போடுறேன் தொரே. அப்ப லியனார்ட் மேல என்னா தப்பு? அத எழுதிக் குடுங்க."

மேனேஜர் எழுதித் தராமலே ஆபீசுக்குத் திரும்பினார். இன்னொருவர் கால் முறியக் கூடாதென்று வேலாயுதம் ஆறு வண்டிக்கும் போட்டு முடித்தார். லியனார்டைத்தான் கவனக்குறைவு என்ற அந்தக் குறிப்போடு எந்தக் கிடங்கும் வேலைக்குச் சேர்க்கவில்லை.

ஏப்ரலில் வேலாயுதத்துக்குக் கம்பெனியிடமிருந்து ஒரு நற்சான்றிதழ் வந்தது. 'வண்டிகள் தாமாகப் புறப்படும் குறையை நீக்கியவர்' என்று அவர்களே எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள்! லியனார்டுக்காகத் தலைமை அலுவலகத்துக்கு ஏற்கெனவே இரண்டு மனுக்கள் போயிருந்தன; அதையே இணைத்து மூன்றாவது மனுவை அனுப்பச் சொன்னார் வேலாயுதம். மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு; மூன்றையும் நான்தான் எழுதினேன்.

தலைமை அலுவலகம் கடைசியாகப் பதில் எழுதியது: சான்றிதழ் வண்டியைப் பற்றியது, வாக்குமூலம் ஆளைப் பற்றியது, இரண்டுக்கும் தொடர்பில்லை, இனி எழுத வேண்டாம். கடிதம் வந்து சேர்ந்தது 1932 செப்டம்பர் 22, வியாழக்கிழமை.