பேங்க் மூடிய நாளில் என் கையெழுத்து

மதுரையில் காலேஜில் படித்த நாட்களில் என் பெயரில் ஒரு பேங்க் கணக்கு இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெரு ஆண்களிலேயே பலருக்கு அது கிடையாது. அப்பா இறந்த பிறகு நிலத்தை விற்று வந்த பணத்தை, மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த அம்மா, ராஜபாளையத்தில் ஒரு பேங்கில் எனக்காகப் போட்டு வைத்திருந்தார். விடுமுறை முடியும்போது, அடுத்த பருவத்துக் காலேஜ் சம்பளத்துக்கும் ஹாஸ்டலுக்கும் வேண்டியதை மட்டும் எடுக்கலாம். சோப்பு, தபால்தலை, ஞாயிற்றுக்கிழமைக் கோயில் காணிக்கை எல்லாம் அம்மா தனியாகத் தரும் கைச்செலவுக் காசில்தான்.

"பேங்க் பணம் படிப்புக்கு. ரிப்பன் வாங்க இல்ல" என்பார்.

எனக்குப் பதினெட்டு முடிந்ததும் கணக்கு என் பொறுப்புக்கு வந்தது. அன்று அம்மா பக்கத்தில் நிற்க, பேங்க் புத்தகத்தில் மாதிரிக் கையெழுத்தைத் தமிழில் போட்டுக் கொடுத்தேன்.

அதற்கடுத்த விடுமுறையில் ஒரு காலை, பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று, அந்த பேங்க் முழுகப்போவதாக ராஜபாளையம் முழுக்கப் பேச்சு என்றார். அம்மா குளிர்காய்ச்சலில் படுத்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நீயே போ. அம்புட்டையும் எடுத்துரு. இல்லன்னு சொன்னா திரும்பி வந்துராத, அங்கயே நில்லு."

தனியாக பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை; மதுரைக்குக்கூட அம்மாதான் கொண்டுவிடுவார். வழியெல்லாம் வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் வார்த்தைகள் மறந்து போயின.

பேங்க் வாசலில் நிற்க இடமில்லை. பஞ்சு வியாபாரிகள், கடைக்காரர்கள், மில்லுக்குப் போகாமல் வந்துவிட்ட ஆட்கள். ஒரு பெண்கூட இல்லை. யாரும் கத்தவில்லை. ஓரமாக நின்றேன். வெயில் ஏற ஏற, உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கதவுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பஞ்சு வியாபாரி என்னைக் கவனித்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அம்மாவிடம் அவர் மகள் படித்திருக்கிறாள்.

"டீச்சர் பொண்ணுதானே? என்னம்மா இங்க?"

"காலேஜுக்குப் பணம் கட்டணும்."

அவர் முறை வந்திருந்தது. செத்த நேரம் உள்ளே பார்த்தார். பிறகு ஒதுங்கி, "நீ முன்ன போம்மா" என்றார்.

பணம் எடுக்க நான் எழுதிக் கொடுத்த சீட்டைக் குமாஸ்தா வாங்கி, கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார்.

"கையெழுத்து சேரலையே."

காலேஜில் எல்லாரும் இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவார்கள். நானும் பழகியிருந்தேன். அந்தப் பழக்கத்திலேயே போட்டுவிட்டேன். வேறு சீட்டு கொடுத்தார். தமிழில் எழுதினேன். கை நடுங்கியதில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அவர் தலையை ஆட்டினார். என் பெயர் எப்படி எழுதுவது என்றே சந்தேகம் வந்துவிட்டது.

"சீக்கிரம்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அந்தப் பிள்ளையை எழுத விடுங்கப்பா" என்றார் வியாபாரி.

இன்னொரு சீட்டை வைத்துக்கொண்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தபடி எழுதினேன். குமாஸ்தா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பணத்தை எண்ணித் தள்ளினார்.

நோட்டுகளை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு திரும்பியபோது, உள்ளறையிலிருந்து பேங்குக்குப் பொறுப்பான ஏஜெண்டு வந்து குமாஸ்தா காதில் ஏதோ சொன்னார். குமாஸ்தா பணம் கொடுக்கும் ஜன்னலின் மரக்கதவைச் சாத்தினார். ஜன்னலுக்கு முன்னால் அடுத்து நின்றவர் அந்த வியாபாரி. கையில் சீட்டோடு நின்றார். பின்னால் கூட்டம் நெருக்கியது. இப்போதுதான் சத்தம் எழுந்தது. அவர் என்னைப் பார்த்து, "பஸ்ஸுக்குப் போம்மா, நிக்காத" என்றார்.

நடந்தேன். ஓடினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று பயம். பஸ்ஸில் யார் திரும்பினாலும் என் நெஞ்சைத்தான் பார்ப்பதாகத் தோன்றியது. வீட்டுக்கு வந்து அம்மாவின் பாயில் பணத்தை வைத்துவிட்டு, நடந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லி முடித்தபோது அம்மா கேட்டது ஒன்றுதான்:

"அவிய பணம் என்னாச்சு?"

பேங்க் மறுபடி திறக்கவே இல்லை. பணத்தை ஹாஸ்டல் வார்டனம்மாவிடம் கொடுத்துவைத்துப் படித்தேன். பல மாதம் என் கையெழுத்து சேரவில்லை என்று யாரோ சொல்வதுபோல் கனவு வந்து விழித்துக்கொள்வேன்.

பரீட்சை முடிந்து ஊருக்கு வந்ததும் அம்மாவும் நானும் அந்த வியாபாரியைப் பார்க்கப் போனோம். வேறொருவருடைய பஞ்சுக் கிடங்கில் எடை பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த வியாபாரம் போய்விட்டது. என்ன சொல்வாரோ என்று, அந்த வயதிலும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவர் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பரீட்சை எழுதியாச்சா?"

"எழுதிட்டேன்."

"அது போதும்" என்றார். பிறகு எங்கள் இருவருக்கும் மோர் கொண்டுவரச் சொன்னார். அவருக்கு எவ்வளவு போயிற்று என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.