தவணை கேட்ட வீடு

எங்கள் அத்தாவுக்கு ஏழாம் நாள் பாத்திஹா ஓதி முடித்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டது. சாவு விழுந்த வீடு என்று தெரிந்தும் அந்த ஆள் எங்கள் வாசலில்தான் நின்று அடித்தான். ரோடு வரப்போகிறது, சிற்பம் பார்க்க வருகிறவர்கள் தங்க பங்களா வரப்போகிறது, இந்தத் தெரு முழுவதையும் சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் விசாரணைக்கு வரும் ஆபீசரிடம் சொல்லலாம். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனான். கை கழுவியவர்கள் ஈரக்கையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் இருந்தது எங்கள் தெரு. கிழக்குச் சாரி வீடுகளுக்குப் பின்னால் மணல், மணலுக்கு அப்பால் கடல். எங்கள் வீடு மேற்குச் சாரியில். அந்த மனையை அத்தா நிக்காஹ் அன்றே அம்மாவுக்கு மஹராக, மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் கொடையாக, எழுதிக்கொடுத்திருந்தார். பிறகு கருவாட்டு வியாபாரத்தில் கையில் காசு சேரச் சேர, ஒவ்வொரு அறையாகக் கட்டி ஓடு போட்டார். அதனால் பட்டா அம்மா பேரில். ஆபீசரிடம் யாராவது பேசவேண்டும் என்றால் அம்மாதான் பேசவேண்டும்.

அம்மாவோ இத்தாவில் இருந்தாள். புருஷன் இறந்தால் எங்களில் பெண்கள் நாலு மாதம் பத்து நாள் அவன் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பார்கள். மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் பக்கத்தில் அது ரொம்பக் கண்டிப்பு. அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது, அவள் குரலும் அவன் காதில் விழக்கூடாது. ஜன்னல் இல்லாத உள்ளறையில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம், செங்கல்பட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். அத்தா மய்யித்துக்கு வந்தவள் அம்மாவுக்குத் துணையாக அங்கேயே தங்கிவிட்டேன்.

எங்களுக்கு ஆம்பிளைத் துணை என்றால் மாமா, அம்மாவின் அண்ணன். சந்தையில் அவர் பேச ஆரம்பித்தால் கூடைக்காரிகளே வாயை மூடிக்கொள்வார்கள். சட்டையில் பேனா குத்தியிருக்கும் ஒருவனைப் பார்த்துவிட்டால் மட்டும் குரல் உள்ளே போய்விடும். இது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், மாமாவைத் தவிர.

தமுக்கு அடித்த சில நாளில் செயின் பிடித்துக்கொண்டு அளக்க வந்தார்கள். வீடுகளுக்கு நடுவில் சுண்ணாம்பு பூசிய கல் நட்டார்கள். தென்னை மரங்களில் தாரால் நம்பர் எழுதினார்கள். எங்கள் கொல்லை மரத்தில் எழுதும்போது தார் வழிந்து கீழே துளசிச் செடியில் சொட்டியது. இருமலுக்கு என்று அம்மா வைத்த செடி அது. இரண்டே நாளில் கருகிப்போயிற்று. அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

மாமா உள்ளறை வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து அம்மாவுக்குப் புத்தி சொன்னார்.

"சர்க்காரோட மல்லுக்கு நிக்க முடியுமா? வூடு போனா இன்னொரு வூடு கட்டிக்கலாம். இத்தா கெட்டுப்போனா இன்னா பண்ணுவே?"

"எனக்கு வூடும் வேணும், இத்தாவும் வேணும்" என்றாள் அம்மா.

"ரெண்டும் கேட்டா ரெண்டும் பூடும். நான் ஆபீசருகிட்ட பக்குவமா சொல்லி இத்தா முடியற வரைக்கும் தவண வாங்கறேன். அப்புறம் மத்தத பாத்துக்கலாம்."

அம்மா பேசவில்லை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் அம்மா "வேண்டாம்" என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. பேசாமல் இருப்பாள். அப்படி என்றால் வேண்டாம் என்று அர்த்தம். எனக்கு முதலில் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார், அத்தாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அம்மா ஒரு பகல் முழுக்க வாய் திறக்கவில்லை. சாயந்திரம் அத்தா ஆளைவிட்டு மறுப்புச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த மௌனத்தை அத்தா படித்த மாதிரி படிக்க வேறு யாருக்கும் தெரியாது. படிக்கத் தெரிந்தவர் இறந்துபோயிருந்தார். அம்மாவுக்கு அது உறைக்கவில்லை.

ஆபீசர் வந்தார். நிலமெடுப்புத் தாசில்தார். நான் எதிர்பார்த்த மாதிரி கடுகடுப்பாக இல்லை. சாவு நடந்த வீடு என்று தெரிந்ததும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். கூடத்தில் நாற்காலி போட்டோம். உள்ளறை வாசலில் போர்வையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் அம்மாவும் நானும் நின்றோம்.

"இந்த நிலத்தை எடுக்கிறதுல அம்மாவுக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார்.

அம்மா அசையாமல் நின்றாள். அவர் இன்னொரு தரம் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "உண்டு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா பட்டென்று உள்ளங்கையால் என் வாயைப் பொத்திவிட்டாள். அவ்வளவு பலம் அவள் கையில் எப்படி வந்ததோ. பல் உதட்டில் குத்தி ரத்தம் வந்தது. மூன்றாவது தரமும் அவர் கேட்டார்.

வெளியே மாமா கனைத்துக்கொண்டார். "எங்க பொம்பளைங்க பேச மாட்டாங்க சார். தங்கச்சி இத்தாவுல கீது. அது முடியற வரைக்கும் தவண குடுத்தீங்கன்னா போதும் சார். வேற ஒண்ணும் கேக்கல."

வேற ஒண்ணும் கேக்கல. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. வீட்டைக் கேட்கவேண்டிய இடத்தில் நாளைக் கேட்டார். நாளைக் கேட்டதிலேயே வீட்டைக் கொடுத்தாகிவிட்டது என்பது அவருக்கும் புரியவில்லை, அம்மாவுக்கும் புரியவில்லை. அன்றைக்கு எனக்கும் முழுதாகப் புரியவில்லை. தாசில்தார் எழுதிக்கொண்டார். அதுவரை இந்த வீட்டைத் தொடமாட்டோம், தைரியமாக இருக்கச் சொல்லுங்கள் என்றார். மாமா வாசல் வரை போய்க் கும்பிட்டு அனுப்பிவிட்டு, ஏதோ ஜெயித்து வந்தவர் மாதிரி டீ கேட்டார்.

பல வருஷம் கழித்து, மார்க்கம் படித்த ஒரு ஹஜ்ரத்திடம் இதைச் சொன்னேன். "தேவைன்னா திரைக்குப் பின்னால இருந்து தாராளமாப் பேசலாமே, யார் கூடாதுன்னது?" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

அதற்குப் பிறகு கிழக்குச் சாரி காலியாக ஆரம்பித்தது. நேர் எதிர்வீட்டார் நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வண்டியில் பாத்திரம் ஏற்றினார்கள். அம்மாவிடம் சொல்லிக்கொள்ள அந்த வீட்டு அம்மாள் உள்ளே வந்தாள். துக்கத்தில் இருக்கிறவளிடம் எதற்கு என்று நினைத்தாளோ என்னவோ, மகள் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் ஆட்கள் வந்து அந்த வீட்டின் ஓட்டைப் பிரித்தார்கள்.

மாமா என்னைத் தனியே கூப்பிட்டு, வெளியே நடப்பது எதையும் அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றார். நானும் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்குக் காது இருந்தது. இருட்டறையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது ஒன்றுதான் வேலை.

"எதிர் வூட்ல கெணத்து ராட்டின சத்தமே காணோமே?"

"கயிறு அறுந்துபோச்சாம்மா."

"அவங்க வூட்டு ஆடு எங்க? கத்தறதே இல்லியே."

"வித்துட்டாங்களாம்."

நான் சொன்ன பொய்களை எல்லாம் அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். ஒவ்வொரு வீடாக விழ விழ, நடுவில் தடுப்பு இல்லாமல் கடல் சத்தம் நேராக எங்கள் கூடத்துக்கு வந்தது. கூடவே மணல் வந்தது. காலையில் பெருக்கினால் மத்தியானம் மறுபடி காலில் நறநறக்கும். சோற்றில்கூட மணல். ஒருநாள் விடியற்காலை தொழுகைக்கு எழுந்த அம்மா, தொழாமல் சுவரில் காதை வைத்து நின்றிருந்தாள்.

"கடல் ஏறி வந்துகினு கீதா?" என்று கேட்டாள்.

காற்று அதிகம் என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கடைசியில் தெருவில் எங்கள் வீடு மட்டும் நின்றது. அந்தச் சமயத்தில்தான் தாசில்தாருக்கு மாற்றலாகிவிட்டது என்று மாமா கேள்விப்பட்டு வந்தார். புதிதாக வந்தவரிடம் இருந்த காகிதத்தில், வீட்டுக்காரருக்கு ஆட்சேபம் இல்லை என்பது மட்டும் இருந்ததாம். தவணை எழுத்தில் இல்லை. வாயால் கொடுத்தது, அவரோடேயே போய்விட்டது. நஷ்டஈட்டுப் பணத்தைக் கோர்ட்டில் கட்டியாகிவிட்டது, காலி செய்யவேண்டியதுதான் பாக்கி என்று சொல்லிவிட்டார்கள்.

"நான் போயி கால்ல வுழுந்தாச்சும் கேட்டுக்கினு வரேன்" என்று மாமா முதல் பஸ்ஸில் செங்கல்பட்டுக்குப் புறப்பட்டார். பாவம், நிஜமாகவே விழுந்திருப்பார். இத்தா முடிய அப்போது கொஞ்ச நாள்தான் இருந்தது.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி ஆட்களோடு வந்துவிட்டார். திருக்கழுக்குன்றத்துப் பக்கத்து ஆள், வயசானவர். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"உள்ள எங்கம்மா இத்தாவுல கீறாங்க. எங்க மாமா ஆபீஸுக்குப் போயிருக்காரு. அவரு வர்ற வரைக்கும் இருங்க."

"எனக்கு இன்னாம்மா தெரியும்? இன்னிக்குப் பிரிச்சு எறக்கணும்னாங்க. எறக்கலைன்னா எனக்குக் கூலி இல்ல." தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "ஒண்ணு செய்யறேன். முன்பக்கத்துல இருந்து ஆரம்பிக்கறேன். உங்கம்மா இருக்கற ரூமைக் கடைசில பாத்துக்கறேன். அதுக்குள்ள உங்க மாமா வந்தா சரி."

கூடத்து ஓடு இறங்கியது. பிறகு சமையலறை. நாங்கள் இரண்டு பேரும் உள்ளறையில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு ஓடாக உருவும் சத்தம் எங்களை நோக்கி வந்தது. இடுக்கு வழியாகத் தூசி விழுந்து அம்மாவின் வெள்ளைச் சேலையில் படிந்தது. நான் தட்டிவிடப் போனேன், கையை விலக்கிவிட்டாள். உதடு மட்டும் ஓதிக்கொண்டே இருந்தது. வெளியே பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன். மாமா வரவில்லை. மத்தியானம் கழிந்துவிட்டது.

எங்கள் தலைக்கு நேர் மேலே ஓர் ஓடு நகர்ந்தது. மாதக்கணக்கில் வெளிச்சம் படாத அறையில் வெயில் வந்து அம்மாவின் முகத்தில் விழுந்தது. மேலே இருந்த வாலிபன் திடுக்கிட்டு, "மேஸ்திரி, உள்ள ஒரு அம்மா கீது" என்றான். நான் போர்வையை எடுத்து அம்மாவை மூட ஓடினேன். அம்மா அதை வாங்கிக் கீழே போட்டுவிட்டு அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"எனக்குச் சம்மதம் இல்ல தம்பி" என்றாள். கத்தவில்லை. சாதாரணக் குரலில்தான் சொன்னாள். "இது என் வூடு. நான் குடுக்கல. எழுதிக்கோ."

அவன் மிரண்டுபோய்விட்டான். "நான் கூலிக்கு வந்தவன்மா, எனக்கு எழுதத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, எடுத்த ஓட்டைப் பழையபடி அதே இடத்தில் வைத்தான். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிசெய்து வைத்தான். மேஸ்திரி எல்லோரையும் இறங்கச் சொன்னார். காலையில் வருகிறோம், அதற்குள் ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று வாசலிலிருந்து சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஒரு ராத்திரி கிடைத்தது, மாமா வந்துவிடுவார், ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்தேன். அம்மா எழுந்து சேலையை உதறினாள்.

"கெளம்பு, போலாம்" என்றாள்.

"அதான் போயிட்டாங்களேம்மா. மாமா வரட்டும்."

"அந்தப் புள்ள என்னப் பாத்துட்டான். நானும் பேசிட்டேன். இனிமே இங்க குந்திக்கினு இன்னா ஆவப்போவுது?"

அத்தாவின் தொப்பியையும் குர்ஆனையும் மட்டும் துணியில் சுற்றிக்கொண்டாள். சாயந்திர பஸ்ஸில் செங்கல்பட்டுக்கு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மாமா அங்கேதான் இருந்தார். புதிய ஆபீசரைப் பார்க்கப் பகல் முழுக்க மரத்தடியில் காத்திருந்து, பார்க்க முடியாமல், காலையில் மறுபடி போய்ப் பார்க்கலாம் என்று அங்கே வந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில்கூட அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்கட்டு அறையைக் காட்டினார்.

"போனது போச்சும்மா. அந்த ரூம்ல பாய் போடச் சொல்றேன். மிச்ச நாளை இங்க இருந்து இத்தாவ முடிச்சுடு."

"இங்க யாரு செத்தாங்க?" என்று கேட்டாள் அம்மா.

அம்மா துணி மூட்டையை என் கையில் கொடுத்துவிட்டுத் தெருவாசலுக்குப் போனாள். கடைத்தெருவிலிருந்து ஆண்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரம். முக்காடு நழுவியதைக்கூட இழுத்துவிட்டுக்கொள்ளாமல், போகிறவன் வருகிறவன் எல்லோரும் பார்க்க, தெரு விளக்கு ஏற்றும் வரை அங்கேயே நின்றாள்.