சும்மா நின்ற மூடி அக்கா

எங்கள் ஜூஸ் கம்பெனியில் நான் லேபிள் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவன். பார்த்துக்கொள்வது என்றால், நிஜமாகவே பார்த்துக்கொண்டிருப்பதுதான். லேபிளை அது தானே ஒட்டிவிடும்.

எனக்கு நாலடி முன்னால் மூடி திருகும் மெஷின். அதனருகே பதினெட்டு வருடமாக நிற்பவரை எல்லாரும் மூடி அக்கா என்போம். அவருடைய வீட்டுக்காரர் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன நாளிலிருந்து, அந்த வீட்டில் அக்காவின் சம்பளம் ஒன்றில்தான் அடுப்பு எரிகிறது.

அக்கா செய்யும் வேலை பார்த்தால் தெரியாது, கேட்டால்தான் தெரியும். பாட்டில்கள் வரிசையாக வரும், மெஷின் மூடியைத் திருகும், ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ஆயிரம் டிக்குக்கு நடுவே எப்போதாவது ஒரு ‘டொக்’ விழும். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அக்காவுக்கு மட்டும் அது மூடி கோணலாக உட்கார்ந்த சத்தம். உடனே அந்தப் பாட்டிலை எடுத்து ஓரம் வைப்பார். இடுப்பில் செருகியிருக்கும் சின்ன ஸ்பேனரால் மெஷினின் ஒரு திருகாணியைக் கால் சுற்று திருப்புவார். மறுபடி டிக், டிக். ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை இப்படி. மிச்ச நேரமெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து நிற்பார்.

இந்த நிலையில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். உற்பத்தித் திறனை உயர்த்துவது அவர் பொறுப்பு. கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை, அட்டையில் கட்டம் கட்டமாகத் தாள். முதலில் என்னிடம் வந்தார்.

“என்ன பண்றீங்க?”

“மூச்சு விட நேரமில்ல சார். ஒவ்வொரு லேபிளையும் கண்ணாலயே தடவி அனுப்பறேன்.”

எழுதிக்கொண்டார். அப்புறம் அக்காவிடம் போனார். அக்கா அப்போது தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க என்னம்மா பண்றீங்க?”

“ஒண்ணும் இல்ல சார், சும்மாதான் நிக்கறேன்.”

நம் வீடுகளில் இதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? ஒரு அடுப்பில் சோறு, மறு அடுப்பில் குழம்பு, வாளியில் ஊறும் துணி என்று அல்லாடும்போது போன் வந்தாலும், “சும்மாதான் இருக்கேன், சொல்லு” என்பவர்கள்தானே நாம். அந்த அதிகாரியின் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவருடைய தாளில் ‘சும்மா’ என்று ஒரு கட்டமே இருந்தது. காலியாகக் கிடந்த கட்டத்துக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் டிக் அடித்தார்.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. மூடி அக்காவுக்கு நாலு. அந்த இடத்தில் ஆளை எடுத்துவிட்டு மெஷினின் வேகத்தைக் கூட்டினால் இந்த ஆலைக்கு வளர்ச்சி வாய்ப்பு பிரமாதம் என்று கடைசிப் பக்கத்தில் ஓர் அம்பு மேலே பாய்ந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து வரவேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள்.

“அந்த ஆள்கிட்ட பண்ற வேலையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேக்கா?” என்றேன்.

“கேக்கறதை எப்பிடிப்பா வேலைன்னு சொல்றது? சிரிக்க மாட்டாங்க?” என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவருக்கு மாசாமாசம் மாத்திரை வாங்கணுமேப்பா.”

என் தொண்ணூற்றிரண்டை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்லவில்லை. அக்காவின் வேலையைச் சொல்லப் போனால் என் வேலையையும் சொல்ல வேண்டிவரும்.

அக்கா போன மறு வாரம் உற்பத்தி கிடுகிடுவென்று ஏறியது. அதற்கடுத்த வாரம் குடோனில் கோணல் மூடி வழியே ஜூஸ் கசிந்து அடி அட்டைப்பெட்டி நனைந்து உட்கார, அதன்மேல் அடுக்கியிருந்த பன்னிரண்டு பெட்டிகளும் சரிந்தன. கடைகளிலிருந்து பிசுபிசுத்த பெட்டிகள் எறும்போடு திரும்பி வந்தன. அதிகாரியும் திரும்பி வந்தார். ஒரு நாள் முழுக்க ஆராய்ந்து, இந்த மெஷினுக்கு ஒரு சென்சார் இல்லாததுதான் குறை என்று கண்டுபிடித்தார். அத்தனை வருடமும் அது இல்லாமல் எப்படி ஓடியது என்று கேட்க அவர் தாளில் கட்டம் இல்லை.

சென்சார் வந்தது. மூடி கோணினால் அது வீல் என்று கத்தும், ஒரு இரும்புக் கை பாட்டிலைத் தள்ளிவிடும், மெஷின் திருகாணியைத் தானே சரிசெய்துகொள்ளும். கத்தலை நிறுத்த மட்டும் யாராவது பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கு ஓர் ஆள் வேண்டும், அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது என்று அதிகாரியே எழுதினார். மூடி அக்காவுக்கு ஆள் அனுப்பினார்கள்.

அக்கா வந்து பழைய இடத்தில் நின்றார். முதல் ‘டொக்’ விழுந்ததும், சென்சார் கத்துவதற்கு முன்பே அவர் கை இடுப்புக்குப் போனது. ஸ்பேனரைக் காலையில் வாசல் கேட்டிலேயே காவலாளி வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார். சென்சார் கத்தியது. அக்கா பொத்தானை அழுத்தினார்.

சாயங்காலத்துக்குள் அதிகாரி அட்டையோடு வந்தார்.

“இப்ப என்னம்மா பண்றீங்க?”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“மூச்சு விட நேரமில்ல சார்.”

அதிகாரியின் முகம் மலர்ந்தது. தொண்ணூற்றாறு போட்டார், என்னைவிட நாலு கூட.

வேலை முடிந்து வெளியே வந்தபோது, அக்காவை அழைத்துப் போக வீட்டுக்காரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கேட்டருகே காத்திருந்தார். முதல் நாளாயிற்றே.

“என்ன, வேலை ரொம்ப ஜாஸ்தியா? முகமே சரியில்லையே?”

“ஒண்ணும் இல்லைங்க,” என்றார் அக்கா. “இன்னிக்கு சும்மா நின்னேன்.”

அவர் சிரித்தார். “இத்தனை வருஷமா நீ தினமும் இதைத்தானே சொல்ற?”