சுன்னாகத்து வெங்காயமும் என் பிழையும்

நோர்வேயில் ஒருவர் உங்கள் வேலையை மனமாரப் பாராட்டினால் "இக்கெ சோ வெஷ்ட்" என்பார். அவ்வளவு மோசமில்லை என்பது அதன் நேர்ப்பொருள். பேர்கன் நகரில் மீன் நோய்களை ஆராயும் கூடமொன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. எங்கள் நுணுக்குக்காட்டியில் பூட்டியிருந்த பழைய கமராவைப் புதிய கணினி ஏற்கவில்லை. கூடத்தில் நாங்கள் பாவிப்பது திறந்த மூல மென்பொருள். நுணுக்குக்காட்டியை இயக்கும், படம் பிடிக்கும், பிடித்த படத்தில் அளவெடுக்கும். அதன் நிரலை எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், மினக்கெட்டு அந்தக் கமராவுக்கென்று ஒரு சிறு நிரல் எழுதிச் சேர்த்தேன். படம் வந்தது. மேலாளர் ஓலா எட்டிப் பார்த்து "இக்கெ சோ வெஷ்ட்" என்றுவிட்டுப் போனார். எங்கோ மோசம் இருக்கிறதாக்கும் என்று நான் மேலும் ஒரு கிழமை பிழை தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. யாருக்காவது உதவட்டும் என்று அதைப் பொதுவில் போட்டேன்.

சில வருடங்கள் கழித்து, அந்த மென்பொருளின் கலந்துரையாடல் தளத்தில் ஆங்கிலத்தில் ஒரு முறைப்பாடு வந்தது. உங்கள் நிரலைப் பாவித்தால் பூஞ்சண வித்திகளின் நீளம் பாதியாகக் காட்டுகிறது என்று யாரோ எழுதியிருந்தார். இங்கே சரியாகத்தான் வேலை செய்கிறது, வில்லையைத் தெரிவு செய்ததில் தவறிருக்கும், பாருங்கள் என்று சற்றுச் சலிப்போடு பதில் போட்டேன். இரண்டு நாளில் அவர் சான்றுக்குப் படங்களை அனுப்பினார். ஒரு கோப்பின் பெயரை ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசித்தேன்: வெங்காயம், சுன்னாகம், மூன்று. அன்றைய பதிலைத் தமிழில் எழுதினேன்.

அவர் பெயர் ரமணன். யாழ்ப்பாணத்தில் பயிர் நோய்களைப் பார்க்கும் சிறிய ஆய்வுகூடத்தில் தொழினுட்ப உத்தியோகத்தர். எங்களுடையதைப் போன்ற கமரா அவர்களுக்கு வெளிநாட்டு நன்கொடையாகப் போயிருந்தது. தொலைபேசியில் அழைத்து, படம் எடுக்கும் முறையை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"அக்கா, எங்கடை கொம்பியூட்டர் பழசு. முழுப் படமா எடுத்தா நிண்டுபோகும். அதாலை நாலு புள்ளியை ஒண்டாச் சேர்த்துத்தான் எடுக்கிறன்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. படத்தில் இரண்டுக்கு இரண்டாக நான்கு புள்ளிகள் ஒன்றானால் ஒரு புள்ளியின் அகலம் இரட்டிக்கிறது. அதை மென்பொருளுக்குச் சொல்லவேண்டிய என் நிரல் சொல்லவில்லை. அது பழைய அகலத்தை வைத்தே எண்ணியதில் நீளம் பாதியாகிவிட்டது. எங்கள் கூடத்தில் வலுவான கணினிகள்; புள்ளிகளைச் சேர்க்கவேண்டிய தேவை ஒருநாளும் வந்ததில்லை. ஒரு கிழமை தேடியும் பிழை ஏன் அகப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இல்லாதவர்கள் எப்படிச் சமாளிப்பார்கள் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை.

இத்தனைக்கும் நானும் யாழ்ப்பாணத்தவள்தான், கரவெட்டிக்காரி. எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரேயொரு நுணுக்குக்காட்டி. வரிசையில் நின்று ஆளுக்கொரு கணம் பார்ப்போம். என் முறை வந்தபோது எனக்குத் தெரிந்தது என் கண்மயிர் மட்டும்தான். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். "ஓம் ரீச்சர், தெரியுது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். ரமணன் அப்படி நகராமல் நின்று, தெரிவது பிழை என்று சொல்லியிருக்கிறார். நான்தான் அவருடைய கண்ணைச் சந்தேகித்திருக்கிறேன்.

மிச்சத்தை அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். வெங்காய இலையைக் கருக்கும் இரண்டு பூஞ்சணங்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், அளவுதான் வேற்றுமை. பாதி நீளத்தை நம்பி, சின்னதற்கான மருந்தைச் சிவபாதம் என்ற சுன்னாகத்துக் கமக்காரருக்குச் சொல்லியிருக்கிறார். நோய் நிற்கவில்லை. பாதித் தோட்டம் கருகியது. அதற்குப் பிறகு சிவபாதம் அவரைத் தோட்டத்துக்குள் விடவில்லை. அப்போதுதான் அளவைச் சந்தேகித்துத் தளத்தில் எழுதியிருக்கிறார்.

அன்றே நிரலைத் திருத்தினேன். ரமணன் அளந்து பார்த்து, சரி என்றார். பிழையைக் கண்டுபிடித்தவர் அவர், முதலில் நம்ப மறுத்தவள் நான் என்று திருத்தக் குறிப்பில் எழுதினேன். பிறகு சிவபாதத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கி அழைத்தேன்.

அவர் முதலில் என் ஊரைக் கேட்டார். கரவெட்டி என்றதும், கரவெட்டியில் எவடம் என்றும் கேட்டார். நடந்ததை என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன்.

"அப்ப தம்பி சரியாத்தான் பார்த்தவர்?"

"ஓம். நான் எழுதினதுதான் பிழை."

"அவரோடை நான் ரெண்டு மாதமாக் கதைக்கேல்லை" என்றார். போன தோட்டம் போனதுதான் என்றும் சொன்னார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கடைசியில், "வாற போகம் தம்பி வந்து பார்க்கட்டும். நீங்களும் ஒருக்காப் பாருங்கோ, பிள்ளை" என்றார்.

எங்கள் கூடத்துச் சுவரில், யார் எப்போது விடுமுறை என்று குறிக்கும் நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. போகம் தொடங்கும் கிழமைகளில், என் பெயருக்கு நேரே, ரமணன் அனுப்பப்போகும் படங்களைப் பார்க்க மறந்துபோகாமல் இருக்க, வெங்காயம் என்று தமிழில் எழுதி வைத்தேன். ஓலா அந்த எழுத்துகளை உற்றுப் பார்த்து, "ஃபெரியே?" என்று கேட்டார். விடுமுறையா என்று அர்த்தம். இல்லை, இங்கேதான் இருப்பேன் என்றேன். அப்படியானால் ஏன் குறித்திருக்கிறாய் என்றார். நான் சொன்ன விளக்கம் அவருக்குப் பிடிபடவில்லை. ஊருக்குத்தான் போகிறாள் என்று முடிவுகட்டி, கூடத்தில் இல்லாதவர்களுக்கான மஞ்சள் நிறத்தை அந்தக் கிழமைகள் முழுவதும் பூசிவிட்டார். நானும் அழிக்கவில்லை. அந்த மஞ்சள் நாள்களில் விடிய முதல் ஆளாக வந்து கூடத்தின் கதவைத் திறந்தது நான்தான். ரமணனின் படங்கள் எனக்கு முன்னமே வந்திருக்கும். சுன்னாகத்தில் அப்போது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கும்.