பதினேழாம் எண் இன்னும் அழுத்தவில்லை

நான் பயந்தாங்கொள்ளி. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, கேஸை மூடினோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள். மூடித்தான் இருக்கும். மறுநாளும் திரும்புவேன். இப்படிப்பட்ட ஒருத்தியின் கையில்தான் முன்னூறு கம்ப்யூட்டர்களின் சுவிட்சைக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒரு கம்பெனிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே மெஷின் ஓடினால் மேலே என் டீ கிளாஸ் அதிரும். பிரான்ஸில் இருக்கிற ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை இங்கிருந்து பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. கவர்மெண்ட் பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்துப் படித்த புண்ணியத்தில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. மெயில் படிப்பேன், பதில் எழுதுவேன். பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் போன் எல்லாம் டீம் லீடுதான்.

"மேகத்துல இன்னாம்மா வேல?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். கிளவுட் என்று நான் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறார். யாரோ எங்கேயோ பெரிய கட்டடம் கட்டி அதற்குள் கம்ப்யூட்டராக அடுக்கி வாடகைக்கு விடுகிறார்கள், எங்கள் கஸ்டமர் அதில் முன்னூறு எடுத்திருக்கிறார், நான் இங்கே உட்கார்ந்தபடியே எதை வேண்டுமானாலும் போடலாம், அணைக்கலாம், அழிக்கலாம் என்றேன். அப்பா, இப்போது மூடிப்போன ஒரு மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். "அப்ப லைன்மேன் வேலன்னு சொல்லு" என்றார். அதைவிட நன்றாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கருவடிக்குப்பத்து வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். போன வருஷம் ஒருநாள் மறந்து வைத்துவிட்ட ஒரு பைலை எடுக்க மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அப்பா பாத்ரூம் வாசலில் கிடந்தார். சர்க்கரை இறங்கியிருந்தது. எத்தனை மணிக்கு விழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பைலை மறக்காமல் இருந்திருந்தால் நான் ஏழு மணிக்குத்தான் வந்திருப்பேன். அந்த ஐந்து மணி நேரத்தை இன்றைக்கும் எண்ணிப் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. தினமும் காலை பதினொரு மணிக்கு அப்பா ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். நான் எடுக்கக் கூடாது. இரண்டு தடவை அடித்து நின்றால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். ஆபீஸில் எல்லாருக்கும் இது தெரியும். பத்து ஐம்பதுக்கே நான் போனைத் திருப்பி வைத்து முறைத்துக்கொண்டிருப்பேன். "அக்கா தவத்துல இருக்காங்க" என்று கிண்டல் செய்வார் டீம் லீட். கடலூர்க்காரர், என்னைவிட நாலு வயது சின்னவர். மற்றவர்கள் முன்னால் நான் அவரை சார் என்பேன். கோபம் வந்தால் தம்பி.

போன மே மாதம் கஸ்டமரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. பழைய, உபயோகமில்லாத மெஷின்களைக் கண்டுபிடித்து நீக்கித் தரச் சொல்லி. கேட்க எளிது. பாதி மெஷின்களுக்கு யார் சொந்தக்காரர் என்று அங்கேயே யாருக்கும் தெரியாது. உருவாக்கின ஆள் வேலையை விட்டுப் போயிருப்பார். இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. எல்லாருக்கும் மெயில் போட்டுக் கேட்பது, பதில் வராவிட்டால் மெஷினை நிறுத்துவது, யாராவது கத்துகிறார்களா என்று ஏழு நாள் பார்ப்பது. கத்தினால் திரும்பப் போட்டுவிடலாம். கத்தாவிட்டால் யாருக்கும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு அடியோடு அழித்துவிடலாம். இதை நாங்கள் கத்தல் டெஸ்ட் என்போம். உலகம் முழுக்கச் செய்கிறார்கள். நாங்கள் கண்டுபிடித்ததில்லை.

பதில் வராத மெஷின்களின் பட்டியலில் 'டெஸ்ட் 2' என்று ஒன்று இருந்தது. சும்மா சோதித்துப் பார்க்க எவரோ உருவாக்கின மாதிரியான பெயர். நாலு வருஷமாக ஒரு நாள்கூட நிற்காமல் ஓடியிருந்தது. எனக்கு அதுதான் உறுத்தியது.

"சார், உள்ள தொறந்து இன்னா இருக்குதுன்னு ஒரு வாட்டி பாத்துட்டு நிறுத்தட்டா?"

"அக்கா, நாப்பது மெஷின் லிஸ்ட்ல இருக்குது. ஒவ்வொன்னா தொறந்து பாத்தா தீபாவளி வந்துடும். நிறுத்துங்க. கத்துனா ஏத்திக்கலாம்."

திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு நிறுத்தினேன். வேறு யாருமில்லை, நான்தான். மவுஸில் என் விரல்தான் இருந்தது.

செவ்வாய் யாரும் கத்தவில்லை. புதன் யாரும் கத்தவில்லை. மற்ற மெஷின்களில் இரண்டுக்கு ஆட்கள் வந்து குதித்தார்கள். உடனே திரும்பப் போட்டோம். டெஸ்ட் 2-க்கு ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், கேஸைப் பார்க்கிற மாதிரி. சாம்பல் நிறத்தில் 'நிறுத்தப்பட்டது' என்று இருந்தது. என் பயத்தை நானே நம்புவதில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளுக்கு உள்ள கஷ்டம் அது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அப்பாவின் மிஸ்டு கால் வரவில்லை.

பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து. நானே கூப்பிட்டேன். இந்த எண்ணைத் தற்போது தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்தேன். வழியில் எந்த சிக்னலில் நின்றேன், நிற்காமல் போனேன் என்று தெரியாது. பாத்ரூம் வாசல் மட்டும்தான் கண்ணில் இருந்தது.

வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசலை மறித்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? போன் செத்துப்போச்சிம்மா. ரீசார்ஜ் நேத்தோட முடிஞ்சிதாம். கால் போவ மாட்டேங்குது."

உயிர் போய் உயிர் வந்தது. வந்த உயிரோடு கோபமும் வந்தது. "பக்கத்து வூட்டுல கேட்டு ஒரு போன் பண்ணக் கூடாதாப்பா?" என்று கத்தினேன்.

"எதுக்கு? போன் வரலன்னா நீ வந்துடுவன்னு தெரியும். அதான் கதவத் தொறந்து வச்சிட்டு உக்காந்துனு இருக்கேன்."

நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொம்பு வாயருகிலேயே நின்றுவிட்டது. என் வீட்டில் சத்தம் வந்தால் நிம்மதி, வராவிட்டால் ஓடி வருகிறேன். ஆபீஸில் நாலு நாளாகச் சத்தம் வரவில்லை என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன். கத்த முடியாத ஆள் ஒருவர் அந்த மெஷினை நம்பி இருந்தால்?

அப்பாவுக்கு ரீசார்ஜ் போட்டுவிட்டு அதே வேகத்தில் திரும்பினேன். நிறுத்தின மெஷினின் டிஸ்க்கை வேறொரு மெஷினில் மாட்டித் திறந்து பார்க்கலாம். திறந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே ஒரு புரோகிராம், ஒரு பட்டியல். பட்டியலில் முப்பத்தெட்டுப் பெயர்கள். எதிரே பிறந்த வருஷம். எல்லாரும் எண்பதைத் தாண்டியவர்கள். அதற்கு எதிரே வீட்டு முகவரி, ஒரே சின்ன ஊர். புரோகிராமின் தலையில் அதை எழுதின ஆள் பிரெஞ்சில் நாலு வரி குறிப்பு வைத்திருந்தார். தனியாக வசிக்கும் முதியவர்கள் தினமும் காலை ஒன்பது மணிக்குள் கட்டில் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். அழுத்தாவிட்டால் இந்த மெஷின் நர்ஸுக்கு செய்தி அனுப்பும்: இன்ன எண் இன்னும் அழுத்தவில்லை.

அப்பாவின் மிஸ்டு கால்தான் அது. முப்பத்தெட்டு அப்பாக்கள், அம்மாக்கள். சத்தம் வராவிட்டால் ஓடி வருகிற மகளைத்தான் திங்கட்கிழமை நான் நிறுத்தி வைத்திருந்தேன்.

நர்ஸ் ஏன் கத்தவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. செய்தி வராத நாள் அவருக்கு நல்ல நாள்.

டீம் லீட் சாப்பிடப் போயிருந்தார். அவரைக் கேட்காமல் மெஷினைப் போட்டேன். அந்த வீட்டுப் பெட்டிகள், அனுப்ப முடியாமல் போனவற்றை எல்லாம் தங்களுக்குள் சேர்த்து வைத்திருக்கின்றன போலும். மெஷின் எழுந்ததும் மடமடவென்று வந்து விழுந்தன. செவ்வாய், புதன், வியாழன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பச்சை, பச்சை, பச்சை. நான் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினேன்.

பதினேழாம் எண்ணுக்கு செவ்வாய் மட்டும் பச்சை. புதன் இல்லை. வியாழன் இல்லை.

எண்பத்து நாலு வயது அம்மா. பெயரை எழுத மாட்டேன்.

மெஷின் நர்ஸுக்குச் செய்தி அனுப்பிவிட்டது என்று திரையில் வந்தது. எனக்கு அது போதவில்லை. நாலு நாள் அணைந்து கிடந்த மெஷினை யார் நம்புவது? ஆபீஸ் போனை எடுத்து, மெஷினில் இருந்த நர்ஸின் நம்பரை அழுத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாய் திறந்து பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்டால், வினைச்சொல் ஒன்றுகூட ஒழுங்காக வந்திருக்காது. பதினேழு, பதினேழு, நேற்றிலிருந்து இல்லை, உடனே ஆள் அனுப்புங்கள் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தப் பக்கத்துப் பெண் முதலில் நான் யார் என்று கேட்டாள். பிறகு ஒன்றும் கேட்காமல் போனை வைத்தாள்.

ஐம்பது நிமிஷம். கீழே மூடி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். வீராம்பட்டினத்து அம்மனுக்கு என்னவெல்லாமோ வேண்டிக்கொண்டேன். பிரான்ஸில் இருக்கிற கிழவிக்கு அந்த அம்மன் எப்படித் துணைக்குப் போவாள் என்றெல்லாம் அப்போது யோசிக்கவில்லை.

அங்கிருந்து மெயில் வந்தது. சமையலறையில் விழுந்து கிடந்தார், இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, நினைவு இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். கீழே ஒரு கேள்வி: நேற்றே ஏன் செய்தி வரவில்லை?

சாப்பிட்டுவிட்டு வந்த டீம் லீட் அதைப் படித்துவிட்டுப் பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்தார். நான் பதில் எழுதினேன். இந்த மெஷினை உபயோகமில்லாதது என்று எண்ணி நாங்கள் நிறுத்தினோம் என்று ஒரே வரி. அவர் அந்த வரியை அழித்தார்.

"தகவல் தொடர்புத் தடங்கல்னு போட்டுக்கலாம் அக்கா."

"தம்பி, அது பொய்."

"கான்ட்ராக்ட் போச்சின்னா பதினோரு குடும்பம் அக்கா. உங்க அப்பா மாத்திரையும் அதுலதான் வருது."

அழித்த வரியை நான் திரும்ப எழுதவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு வேறு நல்ல பெயர் எதுவும் என்னிடம் இல்லை. தகவல் தொடர்புத் தடங்கல் என்றே போயிற்று. அவர்கள் நன்றி சொன்னார்கள். அழைத்துச் சொன்ன பெண்ணுக்குத் தனியாகவும் நன்றி.

டெஸ்ட் 2-இன் பெயரை மாற்றினேன், சொந்தக்காரர் பெயர் எழுதினேன், நிறுத்தவே முடியாதபடி பூட்டுப் போட்டேன். தினமும் ஆபீஸ் வந்ததும் முதலில் அந்தப் பட்டியலைத்தான் பார்ப்பேன். பதினேழுக்கு எதிரே 'ஆஸ்பத்திரி' என்று போட்டிருந்தார்கள். பச்சை ஆகும் என்று காத்திருந்தேன்.

ஜூலை கடைசியில் ஒரு கோரிக்கை வந்தது. பதினேழாம் எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கவும். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம். முதியோர் இல்லத்துக்குப் போயிருக்கலாம். ஒரு மெயில் போட்டால் பதில் வரும், எனக்கு பிரெஞ்சு எழுதத் தெரியும். நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அவர்கள் பார்க்கிற பக்கத்திலிருந்து பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டேன், வேலை முடிந்தது என்று எழுதினேன். மெஷினுக்குள்ளே மட்டும் பதினேழு என்ற எண்ணை விட்டுவைத்தேன். அந்த ஓர் எண்ணுக்கு மட்டும், செய்தி போகிற இடத்தில் நர்ஸின் நம்பருக்குப் பதிலாக என் நம்பரைப் போட்டேன். செய்யக் கூடாதது, தெரிந்தால் வேலை போகும். அதற்கும் பயந்துகொண்டேதான் செய்தேன்.

பதினொரு மணிக்கு அப்பா இரண்டு தடவை அடித்து வைப்பார். இப்போதெல்லாம் அது போதாமல் நானே திருப்பிக் கூப்பிட்டு அவர் குரலைக் கேட்கிறேன். "இருக்கேன்மா, இருக்கேன்" என்று அலுத்துக்கொள்வார். பிறகு அங்கே ஒன்பது மணி ஆகும்போது, வெயில் காலத்தில் பன்னிரண்டரைக்கு, குளிர்காலத்தில் ஒன்றரைக்கு, என் போன் ஒருமுறை அதிரும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருப்பேன். பதினேழாம் எண் இன்னும் அழுத்தவில்லை என்று வரும். படித்துவிட்டுச் சாப்பிடுவேன்.